கவிழ்த்து அளந்த கார்

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் பெரியம்மாவோடு விடத்தல்தீவுக்கு முதல்நன்மை விருந்துக்குப் போயிருந்த அன்றைக்குத்தான் எங்கள் காரின் மேல் உடம்பு அடிச்சட்டத்தில் ஏறியது. திரும்பி வந்து பார்த்துவிட்டு, “கிரேன் வந்ததா அப்பா?” என்று கேட்டீர்கள். கிரேன் எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பவே திரும்பாது. நடந்ததை எழுதியே தருகிறேன். வாயால் சொன்னால் அம்மா நடுவில் புகுந்து சிரித்துக் கெடுத்துவிடுவார்.

அந்தப் பழைய ஒஸ்ரின் கார், திருக்கேதீஸ்வரப் பக்கம் ஒரு கமக்காரரின் ஓலைக் கொட்டிலுக்குள் கிடந்தது. அவருடைய உழவு மெஷின் பெட்டியைத் திருத்திக் கொடுக்கப் போன இடத்தில், “இதையும் ஏத்திக்கொண்டு போம் தம்பி, கோழி முட்டையிடுறதுக்குத்தான் உதவுது” என்றார். மேல் உடம்பு, அதுதான் பொடி, நன்றாக இருந்தது. முன்பக்கத்து வளைவைத் தடவிப் பார்த்த அன்றே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அடிச்சட்டம் மட்டும் விரல் பட்டாலே உதிர்ந்தது. உதிர்ந்தால் என்ன? படகு ஏற்றும் ட்ரெயிலர்களை இத்தனை காலம் வெல்டிங்கில் ஒட்டிக் கொடுத்த எனக்கு ஒரு காருக்குச் சட்டம் செய்ய வராதா? பொக்ஸ் பார் என்கிற சதுரக் குழாய் இரும்பை வெட்டி, ஏணி மாதிரி மட்டமாக, சொந்தமாக ஒன்று செய்தேன். வில்லு, சில்லு, ரயர் எல்லாம் பிறகு. முதலில் போல்ட் ஓட்டைக்கு ஓட்டை நேராக, பொடி அதில் சரியாக உட்கார வேண்டும்.

உங்கள் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. வளவில் உடுப்புக் காயப்போட இடமில்லை.

“ஞாயிற்றுக்கிழமை பொழுதுபடுறதுக்குள்ள இது சட்டத்தில இருக்கோணும். இல்லாட்டித் திங்கள் விடிய பழைய இரும்புக்காரன் லொறியோட வருவான். சொல்லிப்போட்டன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. லொறி உள்ளே வர வசதியாக வாசல் படலையைக் கழற்றி வேம்பில் சாய்த்தும் வைத்துவிட்டார். தெருவெல்லாம் திரியும் எங்கள் தீவுக் கழுதைகளுக்குத் திறந்த வாசல் ஒன்று போதாதா? சனிக்கிழமை முழுக்க ஒரு கையில் வெல்டிங் கம்பி, மறு கையில் கழுதை விரட்டும் தடி.

ஞாயிறு கடலுக்குப் போகாத நாள். நான் கேட்டிருந்தபடி, பூசை முடிந்த கையோடு கரைவலை முதலாளியான எங்கள் சம்மாட்டியார் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். தோளில் வள்ளம் தூக்கும் தடிகள். பொடி முறுகினால் கதவுகள் பிறகு பூட்டாது, கூரை வெடிக்கும். “எல்லாரும் ஒரே நேரத்தில தூக்கோணும்” என்று ஓடி ஓடிச் சொன்னேன்.

“தம்பி, நீர் வாயை மூடிக்கொண்டு ஓட்டையைப் பாரும். தூக்கிறது எங்கட வேலை” என்ற சம்மாட்டியார் பாட்டை எடுத்தார், ஆட்கள் ஏலேலோ போட்டார்கள்.

“கோழி வீட்டை…”

“ஏலேலோ!”

“கோயிலுக்கு…”

“ஏலேலோ!”

பிள்ளைகளே, கார் பறந்தது! தடிகளின் மேல், மனிதர்களின் தோள்களின் மேல், வெயிலில் மினுங்கிக்கொண்டு மிதந்து வந்தது. தகரப் பீப்பாக்களில் நின்ற என் சட்டத்தின் மேல் மெதுவாக இறங்கியது. நான் கீழே தவழ்ந்து போய் போல்ட்டை நுழைத்தேன்.

நுழையவில்லை. சாரதிப் பக்கத்து ஓட்டைகள் இரண்டு விரல் முன்னே தள்ளி நின்றன. மற்றப் பக்கமும் அப்படியே, எதிர்த்திசையில்.

மல்லாந்து கிடந்தபடி யோசித்தேன். பிறகுதான் விளங்கியது. படகின் அடியைத் திருத்துவதென்றால் நாங்கள் என்ன செய்வோம்? கவிழ்த்துப் போடுவோம். அதே பழக்கத்தில் காரின் பொடியையும் பழைய ரயர்களின் மேல் கவிழ்த்துப் போட்டுத்தான் அடித்தகடு ஒட்டினேன். அப்படியே அதன் மேல் பொலித்தீன் விரித்து ஓட்டைகளையும் குறித்து, முன், பின் என்று எழுதியும் வைத்துக்கொண்டேன். அந்தப் பொலித்தீனை, எழுத்து நேராகத் தெரியும்படி சட்டத்தில் விரித்துத் துளையும் போட்டுவிட்டேன். திருப்பி விரித்திருக்க வேண்டும். காரில் இரண்டு பக்க ஓட்டைகளும் ஒரே நேரில் இல்லை; இடம் வலமாகி, வலம் இடமாகிவிட்டது.

பொடியைத் திரும்ப இறக்கி ரயர்களில் வைத்தார்கள். “ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதையுங்கோ எண்டு ஆண்டவர் சொன்னது உம்மை நினைச்சுத்தான்” என்றார் சம்மாட்டியார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய துளைக்கு அருகே புதுத் துளை போட்டால் இரும்பு பலம் இழந்துவிடும். வேறு இரும்பு வெட்டி ஒட்ட ஒரு கிழமை வேண்டும். லொறியோ விடிந்தால் வரும்.

அம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்:

“என்னப்பா பிழைச்சது?”

“இடமும் வலமும் மாறிப்போச்சு.”

“துளையை மேலயிருந்து கீழ வரைக்கும்தானே போட்டனீங்கள்?”

“ஓம்.”

“சட்டம் ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்தானே?”

“ஓம்.”

“அப்ப சட்டத்தைப் பிரட்டுங்கோவன்! காரையே கவிழ்த்துப் போட்ட மனிசனுக்கு இதைக் கவிழ்க்கத் தெரியாதே?”

சம்மாட்டியார் தேத்தண்ணிக் கோப்பையை மணலில் வைத்துவிட்டு, “தங்கச்சி, நாளைக்கு வலை வளைக்க நீர் வாரும்” என்றார்.

சட்டத்தைப் பிரட்டினோம். மறுபடி தடிகள், மறுபடி பாட்டு. இந்த முறை நான் முதலே கீழே படுத்துவிட்டேன். பொடி இறங்கி வந்தது, என் மூக்குக்கு நேராக. ஒவ்வொரு ஓட்டையிலும் வெளிச்சம் தெரிந்தது, வட்டமாக, முழுசாக! போல்ட்டுகளைத் தட்டவே தேவையில்லை. கையால் தள்ளினால் போய் நின்றன. நான் கீழே கிடந்து கத்தின கத்தலில் வாசலில் நின்ற கழுதை மிரண்டு ஓடியது. வெளியே வந்து சாரதிக் கதவைத் திறந்து பூட்டிப் பார்த்தேன். டக்கென்று பூட்டியது. மற்றக் கதவும் டக். பொடி முறுகவில்லை! ஆட்கள் வரிசையாக நின்று திறந்தும் பூட்டியும் பார்த்தார்கள். நான்தான் “காணும், காணும், போதும்” என்று தடுத்தேன்.

அம்மா என்னை ஒரு வார்த்தை புகழவில்லை. போனை எடுத்துத் தள்ளி நின்று பேசினார். எனக்குக் கேட்டது. “இல்லைத் தம்பி, வரத் தேவையில்லை. இஞ்ச பழைய இரும்பு எண்டு ஒண்டும் இல்லை.”

மத்தியானம் எல்லோரும் போய்விட்டார்கள். அம்மா மீன் வெட்ட உள்ளே போனார். லொறிக்காகக் கழற்றி வேம்பில் சாய்த்திருந்த படலையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் கொளுவினேன். தென்மேற்கிலிருந்து அடித்த சோளகக் காற்று அதை ஆட்டியது. நைலோன் கயிறு எடுத்து, வள்ளம் கட்டுகிற முடிச்சாகப் போட்டு இறுக்கினேன்.