சாட்சியில்லாத ஒரு வாக்கியம்

சாமுவேல் இறந்துவிட்டார் என்று கோச்சடையிலிருந்து அவர் மகன் போனில் சொன்னபோது, "யாரு பாத்தா?" என்று கேட்டுவிட்டேன். துக்க வீட்டாரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கல்லூரித் தத்துவத் துறையில் முப்பது வருடம் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்தவன் வேறு எதைக் கேட்பான்? அவர் வாயில் தினமும் வந்த கேள்வி அது.

அவரை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அழகு என்றாலே அவருக்குச் சந்தேகம். விடைத்தாளில் மனதை அள்ளும் வரி ஏதாவது வந்தால் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் 'சாட்சி?' என்று எழுதுவார். உண்மை அழகாகத்தான் இருக்கும் என்பது என் கட்சி. "உண்மைக்கு அப்படி ஒண்ணும் கடமை இல்ல மாப்ள. அழகா இருந்தா ரெண்டு தடவ சோதிச்சுப் பாரு," என்பார். மனுஷனுக்கு ரசனையே கிடையாதோ என்று நானும் அவரைச் சந்தேகித்ததுண்டு.

எங்கள் நூலகரின் பிரிவுபசார விழாவில் நான் பேசினேன். மழையில் நூலகக் கூரை ஒழுகிய நாளில் அவர் தன் வேட்டியை அவிழ்த்துப் புத்தகங்களைப் போர்த்தினார் என்று முடித்தேன். அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. மேடையை விட்டு இறங்கியதும் சாமுவேல் மறித்தார்.

"அது நடந்துச்சா?"

"நடந்திருக்கலாம்."

"அப்ப நடக்கல."

மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும், "சார், இது நடந்துச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவர் மனைவி ஸ்டெல்லாவும் கேட்பார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சாமுவேலைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஸ்டெல்லா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். சாமுவேல் கண்ணைத் திறந்து, "ஸ்டெல்லா சிரிப்பு இருக்குல்ல மாப்ள, அத மட்டும் நான் சோதிச்சுப் பாக்கவே இல்ல. பாத்ததும் நம்பிட்டேன்," என்றார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணே, கடைசியா எதுவும் சொன்னாராண்ணே?"

கேட்டதை அப்படியே சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு இப்படிப் பேசுற ஆளே இல்லண்ணே. எம் மனசு ஆறணும்னு நீங்களாச் சொல்றீக."

"சத்தியமாம்மா."

"தண்ணி கேட்டாரா? அதச் சொல்லுங்க, போதும்."

ஆமாம் என்றிருந்தால் உடனே நம்பியிருப்பார். "கேக்கலம்மா," என்றேன். ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கே இப்போது சந்தேகம் வருகிறது. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடி நானேதான் ஜோடித்துவிட்டேனா? இல்லை, இவ்வளவு நன்றாக எனக்கு வராது. சாமுவேலிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த வாக்கியம்தான். அது ஸ்டெல்லாவுக்கு உரியது. அவர் வாங்கிக்கொள்கிற நாள்வரை ஒரு சொல்கூட மாற்றாமல் வைத்திருப்பேன்.