யெல்கா சறுக்கக் கற்றது

யெல்கா எங்கள் பனிமலைப் பள்ளத்தாக்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஹங்கேரி எல்லையோரம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, தட்டையான ஊரில் பிறந்தவள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளோ நடக்கப் பழகிய கையோடு பனியில் சறுக்கவும் பழகிவிடும். அவள் மகள் ஃப்ரோனி பன்னிரண்டு வயதிலேயே மாவட்டப் போட்டிக்கு வந்துவிட்டாள். போட்டி நடக்கும் மேல்சரிவுக்கு, உச்சிவரை ஏறி அங்கிருந்து சறுக்கி இறங்கித்தான் போக முடியும். மற்ற அம்மாக்கள் தடுப்பு வலையோரம் நின்று கத்துவார்கள். யெல்கா கீழே விடுதிச் சமையலறையில் இருப்பாள்.

நாற்பது தாண்டியபின் தொடக்க வகுப்பில் சேர்ந்தாள். குழந்தைகள் சரிவில் இழுவைக் கயிற்றை இயக்குவது என் வேலை. அதனால் எல்லாம் என் கண்முன்தான் நடந்தது. கூடப் படித்தது முழுக்க வாண்டுகள்.

"ஆன்ட்டி, சறுக்குக்கட்டைய முன்னாடி சேர்த்து வைங்க, பின்னாடி அகட்டுங்க. பீட்சாத் துண்டு மாதிரி!"

"பீட்சா சுடத்தான்டா எனக்குத் தெரியும்," என்பாள். சொல்லி முடிப்பதற்குள் விழுவாள்.

முழங்கால் வீங்கி நொண்டிக்கொண்டே வேலைக்குப் போவாள். பனியைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுகிற அவள் கணவன் கோர்பினியான் எல்லார் எதிரிலும் சொல்வான்: "பசுமாட்டை ஐஸ்ல ஏத்திவிட்ட மாதிரி இருக்குடி. விட்டுத் தொலையேன்."

அவள் விடவில்லை. மூன்றாவது குளிர்காலத்தில் சின்னச் சரிவில் விழாமல் இறங்கினாள். போட்டி நாள் காலையில் என்னிடம் வந்தாள்.

"இன்னிக்கு மேல வர்றேண்ணே. அவகிட்ட சொல்லல."

"பனி கண்ணாடியா இறுகிக் கெடக்கு யெல்கா. வேணாம்."

"ஓரமாத்தானே வரப்போறேன்."

அன்று நான் பந்தயத் தடத்தில் கொடி பிடித்து நின்றேன். ஃப்ரோனி இறங்கி வந்துகொண்டிருந்தாள்; அதுவரை ஓடியவர்களில் அவளைப்போல யாரும் வரவில்லை, அவ்வளவு வேகம். அப்போதுதான் மேலேயிருந்து ஓர் அலறல் கேட்டது. யெல்கா மல்லாந்து சறுக்கி வந்து, வலைக்கு அடியில் நுழைந்து, தடத்தின் நடுவில் கிடந்தாள். நான் மஞ்சள் கொடியை வீசினேன். ஃப்ரோனி பனி தெறிக்க ஒதுங்கி நின்றாள். தலைக்கவசத்துக்குள் இருந்த முகத்தை அப்புறம்தான் பார்த்தாள்.

"நீ ஏம்மா வந்த?"

"உன்னைப் பாக்கத்தான்டி."

மகள் கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டு திரும்பினாள். தடத்தில் குறுக்கீடு நடந்ததால், விதிப்படி அவளை மறுபடி ஓட விட்டார்கள். கால் சோர்ந்துவிட்டது; மூன்றாவது வளைவில் கம்பத்தைத் தவறவிட்டு வெளியேறினாள். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி அது. யெல்காவுக்கு எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனாலும் எழுந்து நிற்க மாட்டேன் என்றாள். படுக்க வைத்துக் கட்டி, மீட்பு வண்டியில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் ஊர் ஜனம் விலகி நின்றது. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலாவது தேவலை.

அதன்பிறகு அவள் சரிவுப் பக்கமே வரவில்லை. போன வாரம் ரொட்டிக் கடையில் பார்த்தேன்.

"காலையில போட்டியில ஃப்ரோனி எத்தனாவது வந்தா?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணே," என்றாள். "சாயங்காலம் அவங்கப்பாகிட்ட சொல்லுவா. அப்போ காதுல விழும்."