சரக்கு வராமல் பில் கிடையாது

இன்று சித்தூரில் ஒரு ஃபிரிட்ஜ் கடை. எனக்கு முன்னால் நின்ற திருப்பதிக் கல்லூரிப் பேராசிரியை, தவணைக்கு அட்வான்ஸ் நீட்டினார்.

கடைக்கார பாய் வாங்கவில்லை. "சரக்கு லாரில வந்துகினு இருக்குது மேடம். என் கைக்கே வராத பொருள எப்படி விக்கறது? வரட்டும். அசல் இவ்ளோ, லாபம் இவ்ளோன்னு சொல்லியே தரேன். வட்டி கிடையாது."

பேராசிரியை துள்ளிவிட்டார். "பாய், இஸ்லாமிய நிதின்னு இதத்தான் பத்து வருஷமா பாடம் நடத்தறேன். இன்னிக்குதான் கண்ணால பாக்கறேன்! நாளைக்கு காலேஜ் தரம் பாக்க கமிட்டி வருது. என் பசங்க புத்தகத்தத் தாண்டி ஒண்ணும் பாத்ததில்ல. நீங்க வந்து பேசணும்."

"நான் டென்த் ஃபெயில் மேடம்."

"பரவால்ல, வாங்க!"

பாய் சம்மதித்துவிட்டார். நானும் போகிறேன். கமிட்டி படிவத்தில் 'பேச்சாளரின் கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். என்ன எழுதலாம், சொல்லுங்கள்.