ஆமென் விழாத ஜெபம்

உப்புப் போட்டு வேகவைத்த வேர்க்கடலையின் வாசனை, அதுவும் கொல்லையிலிருந்து பிடுங்கி வந்து மண் சரியாகப் போகாமலே அண்டாவில் கொட்டிய பச்சைக் கடலையின் வாசனை எங்கேயாவது மூக்கில் ஏறினால், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வந்துவிட்டன என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றும். சித்தூரில் எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபையில் அந்தக் காலம் முழுக்க புதனும் வெள்ளியும் சாயங்காலம் ஒவ்வொரு வீடாக ஜெபக் கூட்டம் நடக்கும். வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதில் பெண்களுக்குள் போட்டி முற்றி, ஒருத்தி கேசரி கிண்ட, இன்னொருத்தி வடை சுட, உபவாச காலம் தீனிக் காலமாகிவிட்டது. எங்கள் போதகரை நாங்கள் தெலுங்கு வழக்கப்படி 'அய்யகாரு' என்போம். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஏறி நின்று, இனிமேல் யார் வீடானாலும் 'செனக்காயும்', அதாவது வேர்க்கடலையும், பால் ஊற்றாத டீயும்தான், வேறு எதுவும் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். பெண்கள் விடுவார்களா? கடலையிலேயே ஒருத்தி மாங்காய் துருவிப் போட்டாள், ஒருத்தி வெங்காயமும் கொத்தமல்லியும் தூவினாள். அய்யகாரு அதையும் தின்றுவிட்டுப் போனார், பாவம்.

எங்கள் சபையில் பாதிப் பேர் வீட்டில் தமிழ், பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. ஒரு பாட்டு தமிழில் என்றால் அடுத்தது தெலுங்கில் போகும். தமிழில் ஜெபம் ஆரம்பித்தவர் உருக்கம் கூடக்கூடத் தெலுங்குக்குத் தாவி அங்கேயே முடித்துவிடுவதும் உண்டு. நான் ஏழாம் வகுப்பு படித்த அந்த வருஷம் ஜெபங்களிலெல்லாம் ஊர்ப் பெயர்கள்தான் அதிகம் வந்தன. ஒருவர் பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போயிருப்பான், இன்னொருவர் மருமகன் துபாய்க்கு விசா கேட்டிருப்பான். தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு மாட்டி எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. நைனா, அதாவது என் அப்பா, வேலை செய்த மில் நின்றுபோய், அவர் திருப்பதியில் அலிபிரி பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜராகச் சேர்ந்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் திங்கட்கிழமை விடியற்காலை பஸ் பிடித்துப் போய்விடுவார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த அம்மாவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அந்த நேரத்தில்தான் அம்மாவுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. ஈஸ்டர் முடிந்த கையோடு கிளம்ப வேண்டும்.

நைனாவும் திருப்பதியில், அம்மாவும் குவைத்தில் என்றால் நான் எங்கே இருப்பது? அதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. அடுத்த தெருவில் பெரியம்மா இருந்தார். அம்மாவுக்குக் கூடப் பிறந்த ஒரே அக்கா. தாய் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, நர்சிங் படிக்க வைத்ததெல்லாம் பெரியம்மாதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பள்ளிக்கூட டீச்சர், கண்டிப்பென்றால் அப்படி ஒரு கண்டிப்பு. ஜெபம் பண்ண எழுந்தால் மணிக்கணக்கில் நிற்பார், தெருமுனையில் சோடா விற்கிறவனுக்கும் அவர் குரல் கேட்கும். அந்த வருஷம்தான் எங்கள் சபையில் முதல் முறையாக ஒரு பெண்ணை மூப்பராக, தெலுங்கில் சொன்னால் 'பெத்தலு'வாகத் தேர்ந்தெடுத்தார்கள், அது பெரியம்மா. 'பொம்பளைங்க பெத்தலு ஆனா அப்பறம் நமக்கு இன்னா வேலை' என்று சில ஆண்கள் முணுமுணுத்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் திருவிருந்தில் அவர் அப்பத் தட்டை ஏந்தி வரப்போவதைப் பார்க்க நாங்களெல்லாம் ஆசையோடு காத்திருந்தோம்.

லெந்தின் முதல் வாரமே எங்கள் வீட்டில் ஜெபம். நைனா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கூடம் நிறைய ஆட்கள். பாட்டு முடிந்து எல்லோரும் கண்ணை மூடினோம், பெரியம்மா எழுந்தார். ஊருக்காகவும் மழைக்காகவும் வியாதியஸ்தருக்காகவும் ஜெபித்தவர், குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "ஆண்டவரே, காசுக்காகப் பெத்த பொண்ணையும் கட்டின புருஷனையும் வுட்டுட்டுக் கடல் தாண்டிப் போகத் துணிஞ்ச மனசைத் திருப்பும்! எவன் வூட்டுப் பிள்ளைக்கோ பணிவிடை செய்யப் போறவ, தன் பிள்ளைக்கு ஜுரம் வந்தா யாரு பாப்பாங்கன்னு அவளுக்கு உணர்த்தும் ஆண்டவரே!" என்றார். ஜெபக் கூட்டத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்குத்தான் இந்த அடியின் வலி தெரியும். எதிரே நின்று திட்டினால் பதிலுக்குத் திட்டலாம், எழுந்து வெளியே போகலாம். ஜெபத்தில் குத்திக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அது போதாதென்று கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஆமென் வேறு சொல்லிவிட்டார்கள். அதில் உரக்கச் சொன்னவர் நைனா. பழக்கதோஷம்! மனுஷர் வார்த்தையைக் கவனிக்கவே இல்லை.

அம்மா எல்லோருக்கும் கடலை கொடுத்தார், டீ கொடுத்தார், பெரியம்மாவுக்கும் கொடுத்தார். அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றுபோயிற்று. நைனாவோடும் இரண்டு நாள் பேச்சில்லை. அவர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று திருப்பதி பஸ் ஏறிவிட்டார். மூன்றாம் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, வேலூரில் ஒரு ஹாஸ்டலில் சேர்க்கப் போவதாகச் சொன்னார். தெரியாத ஊரில் இரும்புக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அம்மாவும் இல்லாமல் பெரியம்மாவும் இல்லாமல் எப்படி இருப்பேன் என்று நினைத்து நினைத்து அழுதேன். பெரியம்மா வீட்டுப் பக்கம் போகாதே என்று அம்மா சொல்லவில்லை, ஆனாலும் எனக்கே போகக் கால் வரவில்லை. இப்படியே நாள் ஓடி, பாடுகளின் வாரம் வந்துவிட்டது.

எங்கள் சபையில் அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது. பெரிய வியாழனுக்கு முன்னால் மூப்பர்கள் தெருத் தெருவாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து, பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: "யார்கூடனா மனஸ்தாபம் உண்டா?" இல்லை என்றால் கையில் ஒரு சின்ன அட்டைச் சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டு இருந்தால்தான் திருவிருந்தில் கை நீட்டலாம். உண்டு என்றால், முதலில் போய்ச் சமாதானமாகிவிட்டு வந்து சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை என்றே சொல்லி வாங்கிக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம். அந்த வருஷம் எங்கள் தெரு பெரியம்மாவின் பொறுப்பில் இருந்தது. அவர் வேறு மூப்பரை அனுப்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு ரத்தினம்மா ஓடி வந்து, "அதிகோ, மீ அக்கா ஒஸ்துந்தி!" என்று அக்கா வருவதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு, போகாமல் எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டார். வேடிக்கை பார்க்காமல் போக அவருக்கென்ன பைத்தியமா?

பெரியம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "யார்கூடனா மனஸ்தாபம் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு" என்றார் அம்மா.

"யார் கூட?"

"எங்க அக்கா கூட."

ரத்தினம்மா வாசலிலிருந்து ஒரு படி உள்ளே வந்துவிட்டார். பெரியம்மா மூப்பராகத்தானே வந்திருக்கிறார்? மூப்பர் அடுத்துக் கேட்க வேண்டியதை அவரும் கேட்டார்: "அவங்ககிட்ட போய்ப் பேசினியா?"

"எப்படிப் பேசறது? அவங்க எங்கிட்ட எதுவும் சொல்லலியே. ஆண்டவர்கிட்ட இல்ல சொன்னாங்க? நான் எங்க போய் பதில் சொல்றது?"

பெரியம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. கையிலிருந்த சீட்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். "அப்படின்னா எனக்கும் இந்த வருஷம் சீட்டு கெடையாது" என்றவர், காலண்டரை விட்டு முதல் தடவையாக அம்மாவைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கே அய்யகாருவிடம் போய், தன் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை அப்பத் தட்டை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாராம். முணுமுணுத்தவர்களுக்குக் கொண்டாட்டம். அம்மா அதைக் கேள்விப்பட்டு, சோற்றில் கையை வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை கடைசி வீட்டு ஜெபம், அது பெரியம்மா வீட்டில். அம்மா போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் முகம் கழுவிப் பொட்டில்லாத நெற்றியில் பவுடரைத் தொட்டுக்கொண்டு, "வாடி" என்றார். நாங்கள் போய்க் கதவோரம் உட்கார்ந்தோம். அம்மா சபையில் ஒருநாளும் வாய்விட்டு ஜெபித்தவர் இல்லை. அக்கா இருக்கும் இடத்தில் அதற்கு வேலையும் இல்லை. அன்றைக்குப் பெரியம்மாவும் ஜெபிக்கவில்லை, வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கண்ணை மூடியிருந்த அமைதியில் என் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தபோது, போச்சு, பழிக்குப் பழி வாங்கப் போகிறார் என்று பயந்து அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆண்டவரே, எனக்கு எங்க அக்கா மாதிரி ஜெபம் பண்ண வராது. நான் காசுக்குத்தான் போறேன், அது உமக்கும் தெரியும், இங்க இருக்கறவங்களுக்கும் தெரியும். இவளப் படிக்க வைக்கணும், வேற வழி தெரியல. இவள ஹாஸ்டல்ல போடறேன்னு சொன்னது கோவத்துல சொன்னது. இவளுக்கு ஜுரம் வந்தா நீர் பக்கத்துல இருப்பீர், நான் நம்பறேன். ஆனா கஞ்சி வெச்சுக் குடுக்க ஒரு ஆளு வேணும் ஆண்டவரே. எங்க அக்காவ வுட்டா எனக்கு யாரு இருக்காங்க? நான் கேட்டா செய்வாங்களான்னு தெரியல. நீர்தான் அவங்களக் கேட்டுச் சொல்லணும்."

ஆமென் என்று முடிக்காமலே அம்மா நிறுத்திவிட்டார். யாரும் ஆமென் சொல்லவில்லை. ஜெபம் முடிந்ததா இல்லையா என்றே யாருக்கும் விளங்கவில்லை. அப்போது, "ஏண்டி, அவரு எதுக்குடி நடுவுல? நான் இங்கதான குந்திக்கினு இருக்கேன்? என்னியக் கேளேன்!" என்று பெரியம்மாவின் குரல் உடைந்து வந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

"பாத்துக்கறியா அக்கா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? அவ துணிமணிய எடுத்தாந்து வைடி" என்ற பெரியம்மா, எல்லோர் எதிரிலும் எழுந்து வந்து அம்மாவின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "அன்னிக்கு நான் அப்படி ஜெபம் பண்ணியிருக்கக் கூடாது. தப்புதான், தப்புதான்" என்று அழுதார். எனக்கு ஹாஸ்டல் இல்லை என்பது அந்தக் கணத்தில்தான் புரிந்தது, நானும் ஓவென்று அழுதேன். அய்யகாரு பாவம், ஆசீர்வாதம் கூறுவதா, பாட்டு எடுப்பதா என்று தெரியாமல் திகைத்துவிட்டு, "கடலை ஆறிப்போவுது, எல்லாரும் எடுத்துக்குங்க" என்றார்.

அன்றிரவே அய்யகாரு அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சீட்டு கொடுத்துவிட்டார். மறுநாள் திருவிருந்தில் பெரியம்மா வெள்ளைப் புடவையில் அப்பத் தட்டை ஏந்தி வந்தார். எங்கள் வரிசைக்கு வந்தபோது அம்மா ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அப்பத்தை எடுத்தார். ஈஸ்டர் கழிந்த வாரம் ரேணிகுண்டாவில் பம்பாய் ரயில் ஏற்றி அனுப்பினோம். நைனா திருப்பதியிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். நான் பெரியம்மா வீட்டுக்குப் போனேன், காலேஜ் முடிகிறவரை அங்கேதான் இருந்தேன். ஒரு மழைக்காலத்தில் எனக்கு டைஃபாய்டு வந்து ரொம்பவும் படுத்தியது. பெரியம்மா மறைக்கவில்லை, பூத்துக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டு, "ஜுரம் ஜாஸ்தியாத்தான் இருக்குது. வரணும்னா வா. வர முடியலன்னா நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்குக் கஞ்சி வைத்தார்.

இப்போது நான் திருப்பதியில் வேலை பார்க்கிறேன், கல்யாணமாகி இங்கேயே குடியிருக்கிறேன். சித்தூர் சபை பெரிதாகிவிட்டது. கட்டடமும் புதிது, மைக்கும் புதிது. லெந்து ஜெபம் கொரோனாவுக்குப் பிறகு போனிலேயே நடக்கிறது. குவைத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆமென்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமதமாக வந்து சேருகின்றன. அது ஒருவகையில் நல்லதுதான், போனவர்களெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. சீட்டு நின்றுபோய் ரொம்ப காலமாகிறது. 'உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்' என்று மைக்கில் சொல்கிறார்கள். வீடு தேடி வந்து முகத்தைப் பார்த்துக் கேட்கிறவர் இப்போது யாருமில்லை, அதுதான் எனக்குக் குறையாகத் தெரிகிறது.

அம்மா குவைத்திலிருந்து திரும்பி வந்து, நைனாவும் காலமான பிறகு, அக்காவும் தங்கையுமாகச் சித்தூரில் பெரியம்மாவின் அதே வீட்டில் இருக்கிறார்கள். போன லெந்தில் போயிருந்தபோது, பேச்சோடு பேச்சாக, அன்றைக்கு ஏன் பெரியம்மா அப்படி ஜெபம் பண்ணினீர்கள், அம்மாவிடம் நேராகவே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"நேரா போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ நின்னுட்டிருப்பாடி" என்றார் பெரியம்மா. "சின்னதுலர்ந்து என் பேச்சத் தட்டினதில்ல. நின்னுட்டா உன் படிப்பு இன்னா ஆவறது, குடும்பம் இன்னா ஆவறது? ஆனா எனக்கு மனசு கேக்கல. யார்கிட்டனா சொல்லியாவணும் இல்ல? அதான் ஆண்டவர்கிட்ட சொன்னேன்."

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா இத்தனை வருஷத்தில் இதை முதல் தடவையாகக் கேட்கிறார் என்பது அவர் கை நின்றதிலேயே தெரிந்தது. எழுந்து அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் காதருகில் குனிந்து சொன்னார்:

"ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும் அக்கா. நீ மெதுவாவே சொல்லியிருக்கலாம்."