செல்லமுத்து யாரையும் வெட்டியதில்லை

போட்டோகிராபர் செல்லமுத்துவின் படத்திலிருந்து அவர் மனைவியை வெட்டியது தவறு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குந்தாவிலிருந்து வந்து குன்னூர் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது, அங்கே கட்டியிருந்த பேனரைப் பார்த்துத்தான் செல்லமுத்து போய்விட்டதே எனக்குத் தெரிந்தது. சிரித்த முகம், கீழே கண்ணீர் அஞ்சலி, தோளில் மூன்று விரல்கள். விரல்களுக்குச் சொந்தக்காரரான சரஸ்வதி அம்மாளைக் காணோம்.

பேனர் வைத்த போட்டோகிராபர் சங்கத்தின் செயலாளரிடம் நேராகப் போய்க் கேட்டேன். "அக்காவையும் போட்டா, அவங்களும் போயிட்டாங்கன்னு ஊரே நெனைச்சுக்குமுங்க" என்றார்.

சரஸ்வதி அம்மாளிடம் இதைச் சொன்னபோது அந்தத் துக்கத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "நெனைக்கட்டுமுங்க. போன் பண்ணுனா நானே எடுத்துப் பேசறேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "இத்தன வருசம் பக்கத்துலயே நின்னேன். கையை மட்டும் அங்க உட்டுட்டாங்களேங்க."

தேயிலை விலை சரிந்த வருஷங்களில் எங்கள் தோட்டத்தில் கல்யாணப் பந்தல் சுருங்கியது, மேளம் நின்றது, சாப்பாடு ஒரு வேளையானது. ஆல்பத்தை மட்டும் யாரும் விடவில்லை. கல்யாணம் முடிந்தால் எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஆல்பம் வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு வீடும் அதில் தன் முகத்தைத் தேடும். செல்லமுத்து அதை அறிந்தவர். ஒரே பிலிம் ரோலில் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, பந்தியை இரண்டு பக்கத்துக்கும் நீளமாக விரிப்பார். மணப்பெண்ணுக்குத் தனிப் பக்கம். சுற்றிலும் வெறும் வெள்ளை. "பொண்ணு மூச்சு உட எடம் வேணுமுங்க" என்பார். பக்கங்களுக்கு நடுவே மெல்லிய தாள் இருக்கும். அதைத் தூக்கினால் மஞ்சு விலகி ஆள் தெரிவதுபோல இருக்கும்.

என் மகள் கல்யாணத்தில், மாலை எடுத்துக் கொடுக்கத் தன்னை அழைக்கவில்லை என்று என் தம்பி பெரியசாமி எல்லாப் படத்திலும் முறைத்துக்கொண்டு நின்றான். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் பெண்ணின் தாய்மாமன்தான். இன்றைக்கும் அதையே சொல்வேன். தம்பியை வெட்டிவிடச் சொன்னேன்.

"வெட்டறது ஒரு நிமிசமுங்கண்ணா. நாளைக்கு ரெண்டு பேரும் ராசியாயிட்டா எங்க போய் ஒட்டறது?" என்றார் செல்லமுத்து.

ஆல்பம் வந்தது. தாலி கட்டும்போது தூணோரம் தம்பி. ஆரத்தி எடுக்கும்போது தட்டுக்குப் பின்னால் தம்பி. பக்கத்துக்குப் பக்கம் ஒரு மூலையில் அந்த உர்ரென்ற மூஞ்சி. கடைசிப் பக்கம் முழுக்க, பாயசக் கிளாசோடு வாய்விட்டுச் சிரிக்கும் தம்பி. அதை எப்போது எடுத்தாரோ. "இந்தா, இங்கேயும் நிக்கிறாரு சித்தப்பா" என்று லயமே தேடிப் புரட்டியது. என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தவன், ஆல்பம் தன் வீட்டுக்குப் போன அன்று அதைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். "ஏன்ணே, கல்யாணம் ஒன் மகளுக்கா, எனக்கா?" என்றான். இரண்டு பேரும் சிரித்துத் தீர்த்தோம்.

எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஓரத்தில் நிற்பவரை முதலில் பார்க்கிறேன். செல்லமுத்துவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் கண்.

இனி ஆக வேண்டியவை. சங்கத்தார் அந்தப் பேனரை இன்றே கழற்ற வேண்டும். அவர் செய்த ஆல்பம் வைத்திருப்பவர்கள் காரியத்தன்று அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வர வேண்டும். எங்கள் வீட்டு ஆல்பத்தைத் தம்பி சுமந்து வருவான். புதுப் பேனரில் எந்தப் படம் என்பதைச் சரஸ்வதி அம்மாள் மட்டுமே சொல்ல வேண்டும். அதில் அவர் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'நலமாக இருக்கிறார்' என்று எழுதுவது என் வேலை.