வாரத்துக்கு உழுதவள்

எங்கள் தெருத் தங்கப்பொண்ணு எந்நேரமும் பறந்துகொண்டே இருப்பாள். புருஷன் போன பிறகு, ஒத்தக்கடைக்கு வடக்கே வெள்ளைத்துரையின் வயலை அவள்தான் உழுதாள். எழுபத்தெட்டில் அந்தப் பக்கம் பிளாட் போட ஆரம்பித்தார்கள். வெள்ளைத்துரைக்கும் ஆசை வந்துவிட்டது. "அவ நம்ம வயல்ல கூலிக்காரி, அம்புட்டுத்தான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கூலிக்காரி என்று முடிவானால் மறுநாளே அவளை வெளியேற்றிவிடலாம். குத்தகைதாரர் என்று தாலுகாவில் பதிந்துவிட்டால் லேசில் அசைக்க முடியாது.

அப்படிப் பதியச் சொல்லி அவள் பேரில் நான்தான் மனு எழுதிப் போட்டேன். விசாரணைக்குத் துணையாகவும் போனேன். ஆபீஸ் வராண்டாவில் அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்துகொண்டே இருந்தாள்.

அதிகாரி வெளியூர்க்காரர், சின்ன வயது. "ஏம்மா, நீங்க குத்தகைதாரரா?" என்று கேட்டார்.

"ஐயையோ, இல்லீங்கய்யா! நான் வாரத்துக்கு உழுறவ."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் மேலும் தப்பில்லை. எங்கள் பக்கம் குத்தகை என்றால் விளைந்தாலும் காய்ந்தாலும் பேசிய நெல்லை அளந்தே ஆகவேண்டும். அவள் அப்பா ஒரு வறட்சியில் அப்படித்தான் உழவு மாட்டை விற்றார். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. உழுகிற குடிக்குக் குடிவாரம், நிலக்காரருக்கு மேல்வாரம். வரப்பின் மேலே நிற்பவருக்கு மேல்வாரம் என்று பேர் வைத்தவன் விவரமானவன்தான்.

வெள்ளைத்துரை துள்ளி எழுந்தார். "கேட்டீகளா சார்? வாரக் கூலி! சனிக்கெழமை சனிக்கெழமை சம்பளம்!"

அதிகாரி எழுதத் தொடங்கினார். தங்கப்பொண்ணு மேசைக்கு முன்னால் பாய்ந்தாள். "எந்தச் சனிக்கெழமைண்ணே குடுத்தீக? பொய் சொல்லாதீக!"

"பேசாதடி! போன அறுப்புல எம் பங்கைக் கொறைச்சு அளந்தவதானே நீயி!"

அதிகாரியின் பேனா நின்றது. "கூலிக்காரி உங்களுக்கு எதுக்குங்க பங்கு அளக்கணும்?"

வெள்ளைத்துரை மெல்ல உட்கார்ந்தார்.

சட்டத்தில் வாரக்காரரும் குத்தகைதாரர்தான் என்று அதிகாரி அவளுக்கு விளக்கினார். அவள் விடவில்லை.

"மழ தண்ணி இல்லாட்டி?"

"விளையலைன்னா அவருக்கும் பங்கு இல்லம்மா. பேருதான் வேற."

அதை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் ரேகை வைத்தாள்.

முன்னால் போன வெள்ளைத்துரை வாசலில் நின்றார். திரும்பிப் பார்க்காமலே, "நாத்து எப்ப நடப்போறே?" என்று கேட்டார்.

கூலிக்காரியிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பெரியாத்து வாய்க்கால்ல தண்ணி தெறக்கட்டும்ண்ணே" என்றாள்.