சென்னையில் பாஸ் எடுத்த நர்ஸ்

2004ஆம் ஆண்டு, வன்னியில் கிளிநொச்சியை அடுத்த முரசுமோட்டையில் நடந்தது இது. சண்டை ஓய்ந்து, வெளியூர்களுக்குப் போகும் பாதை திறந்திருந்த காலம். இந்தியாவில் அகதி முகாமில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய நான், அங்கே ஒரு தையல் வகுப்பில் துணி வெட்டப் பழக்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னை டீச்சர் என்றார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

வகுப்பில் பத்துப் பெண்கள், நான்கு மெசின். மெசின் கிடைக்காதவர்கள் காத்திருக்கும் நேரத்தில் ஒரு புத்தகத்தை மாறி மாறி வாசிப்பார்கள். கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. இந்திய வார இதழ் ஒன்றில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்தெடுத்து, சணல் நூலால் தைத்து, சீமெந்துப் பேப்பரில் அட்டை போட்டு வைத்திருந்தார்கள். பாதை பூட்டியிருந்த காலத்தில் சேர்த்தது. இதழ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் நடுவில் ஏழெட்டு வாரம் கிடையாது. கடைசி வாரங்களும் கிடையாது. சென்னையில் ஒரு நர்ஸ், வெளிநாடு போன ஒருவனுக்காகக் காத்திருக்கும் கதை. அவன் வந்தானா இல்லையா என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

நடுவில் இல்லாத வாரங்களை யாரோ கொப்பித் தாளில் கையால் எழுதி, உரிய இடத்தில் சேர்த்துத் தைத்திருந்தார்கள். பெயர் போடவில்லை. ஆனால் எங்கள் வகுப்பில் சட்டைகளுக்குத் தெறி, அதாவது பொத்தான், தைக்கும் அக்காதான் எழுதினவர் என்பது எல்லோருக்கும் தெரியும். முப்பத்தைந்து வயது இருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். அதிகம் பேசமாட்டார். முடிவையும் அவரே எழுதித் தரவேண்டும் என்று மற்றவர்கள் அவரை அரித்துக்கொண்டே இருந்தார்கள்.

"அவன் வருவானோ அக்கா, அதை மட்டும் சொல்லுங்கோ."

"பொறுங்கோ, எழுதித் தாறன்" என்பார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும்.

ஒரு சனிக்கிழமை அந்தப் புத்தகத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அச்சடித்த பக்கங்கள் வழக்கமான தொடர்கதைதான். கொப்பித் தாளுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சென்னையில் அந்த நர்ஸ் முற்றத்தில் நெல் காயப்போடுகிறாள். ஆஸ்பத்திரியில் ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு எரிகிறது. பக்கத்து ஊரிலிருந்து வரும் கடிதம் யாரோ ஒரு பயணியின் கையில், மூன்று மாதம் கழித்து வந்து சேர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாம்பரத்தில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போவதற்கு அவள் பாஸ் எடுக்க வரிசையில் நிற்கிறாள். எங்கள் பகுதியை விட்டு வெளியே போக அப்படி ஒரு அனுமதித் துண்டு தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதை இந்த அக்கா சென்னைக்கும் கொடுத்துவிட்டார்.

நான் பென்சிலை எடுத்தேன். என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டே போனேன். சென்னையில் வீட்டு முற்றத்தில் நெல் காயப்போடுவதில்லை. சென்னையில் மின்சாரம் உண்டு. சென்னையில் கடிதம் இரண்டு நாளில் வரும். சென்னைக்குள் போய்வரப் பாஸ் தேவையில்லை. இப்படிப் பதினைந்துக்கு மேல் இருக்கும். நான் சென்னையில் இருந்தது மொத்தம் பதினொரு நாள், அதுவும் தம்பியின் கண் ஆப்பரேஷனுக்காக. அதை நான் எழுதவில்லை.

இன்னொன்றையும் எழுதவில்லை. மூன்று நாள் வரிசையில் நின்று, அவளுடைய முறை வரும்போது பாஸ் கொடுக்கும் கந்தோரைப் பூட்டிவிடுகிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து, தங்கைகளிடம் ஒன்றும் சொல்லாமல், அக்காவுக்குக் கொண்டுபோகக் கட்டிய பலகாரத்தைப் பிரித்து அவர்களுக்குப் பங்கு போடுகிறாள். அந்த இடத்தில் நான் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்து வாசித்தேன். திரும்பவும் ஒருமுறை வாசித்தேன். நன்றாக இருக்கிறது என்று ஓரத்தில் ஒரு சொல் போட என் கை போகவில்லை. பிழை பிடிப்பதுதான் உதவி என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பிள்ளை அதை விரித்து என் குறிப்புகளைச் சத்தமாக வாசித்தாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அக்கான்ர சென்னை கிளிநொச்சிக்குப் பக்கத்திலதான் கிடக்குது" என்று ஒருத்தி பகிடி விட்டாள். அக்காவும் சிரித்தார். பிறகு குனிந்து தெறி தைக்கத் தொடங்கினார். எனக்கு அன்று ஒரே பெருமை.

அடுத்த கிழமை புத்தகம் மெலிந்து வந்தது. அக்கா சணல் நூலைப் பிரித்து, தன்னுடைய தாள்களை மட்டும் உருவி எடுத்துவிட்டு, அச்சுப் பக்கங்களைத் திரும்ப ஒழுங்காகத் தைத்திருந்தார். நடுவில் பழையபடி ஓட்டை. முடிவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, "எனக்குச் சரிவராது பிள்ளையள்" என்று சொல்லிவிட்டார்.

கோபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. பகிடி விட்டவள்தான் முதலில் கேட்டாள்.

"டீச்சர், சென்னையை அறியவோ நாங்கள் அதை வாசிச்சனாங்கள்?"

அவர்கள் அந்த நர்ஸைத் தங்களில் ஒருத்தியாக நினைத்து வாசித்திருக்கிறார்கள். வரிசையில் நின்றவர்கள் அவர்கள். கடிதத்துக்குக் காத்திருந்தவர்களும் அவர்கள்தான். எனக்குத் தெரிந்த சென்னையால் அவர்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒரு பெரிய கொப்பி வாங்கிக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தந்தார். மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பலகாரம் பிரிக்கிற இடம் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது என்றும் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் பிந்திச் சொன்னதால் அது எனக்கே சமாதானப் பேச்சு மாதிரிக் கேட்டது.

"நீங்கள் எழுதினது சரிதானே டீச்சர். நான் சென்னையைக் கண்டனானோ?" என்றார்.

"அது தேவையில்லை அக்கா. நீங்கள் எழுதுங்கோ."

"ஓம், பாப்பம்."

கொப்பியை மரியாதையாக வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அதே "பாப்பம்". 2006இல் பாதை திரும்பவும் பூட்டப்பட்டது. வகுப்பும் நின்றுவிட்டது. பிறகு ஊரே இடம்பெயர்ந்தது.

2009இல், சண்டை முடிந்து எங்களை வைத்திருந்த வவுனியா முகாமில், தண்ணீர் வரிசையில் எனக்கு நேர் முன்னால் அந்த அக்கா நிற்பதைக் கண்டேன். மெலிந்திருந்தார். யார் யார் இருக்கிறார்கள், யார் யார் இல்லை என்று முதலில் கேட்டுக்கொண்டோம். பேசி முடித்த பிறகும் வரிசை நகரவில்லை. அந்த இடத்தில் கேட்கக்கூடாத கேள்விதான், ஆனாலும் வாய் விட்டுக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்த நர்ஸின்ர கதை. அவன் வந்தவனோ?"

அவர் என்னை உடனே அடையாளம் கண்டதுபோல, அந்தக் கதையையும் உடனே அடையாளம் கண்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். மறைக்கிறார் என்று நினைத்தேன், இல்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"தெரியாது டீச்சர். எழுதிக்கொண்டு போனால்தானே எனக்கே தெரியும்" என்றார்.

அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி முன்னே போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எழுதியதை வாசித்துவிட்டேன், கேட்டவர்களுக்கு மட்டும் கருத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கொப்பித் தாள்களின் ஓரத்தில் நான் எழுதியதில் ஒன்றுகூடப் பிழை இல்லை. அதனால்தான் அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.